மழைக் கூட்டத்தில் பனிக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்: நீலகிரி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், ஆணையத்தின் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடகிழக்குப் பருவமழைக்கான முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் நடக்கிற நேரம் இது. ஜேசிபி எங்கே நிற்க வேண்டும், மணல் மூட்டை எத்தனை வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் மக்களைத் தங்க வைப்பது, எந்தப் பகுதிக்கு எந்த அதிகாரி என்றெல்லாம் பேசி முடிவெடுக்கிறீர்கள். மாவட்டத்தில் 283 இடங்கள் அபாயகரமானவை என்று பட்டியலே போட்டு வைத்திருக்கிறீர்கள். 1077 என்ற அவசர உதவி எண்ணை மழைக்காலம் வந்தால் ஊர் ஊராக அறிவிக்கிறீர்கள். 2009 நவம்பர் மண்சரிவில் 40 பேருக்கு மேல் பறிகொடுத்த மலை இது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதையும் பார்த்தோம். ஆகவே மழைக்கு இத்தனை தயாரிப்பு நியாயம்தான், அதில் குறை சொல்ல வரவில்லை.

அதே கூட்டத்தில், அதே அதிகாரிகள் உட்கார்ந்திருக்கும்போதே, இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். மழை விட்ட கையோடு வருகிற உறைபனிக்காக.

நான் இத்தலார் பக்கம் கொஞ்சம் தேயிலையும் அதற்குக் கீழே பள்ளத்தில் கொஞ்சம் கேரட்டும் வைத்திருக்கிற சிறு விவசாயி. உறைபனி என்றால் எங்களுக்கு என்ன, வெளியே எப்படிப் பேசப்படுகிறது என்பதற்கு நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் தலைக்குந்தா புல்வெளி வெள்ளையாக இருக்கிற ஒரு படம் வரும், 'மினி காஷ்மீராக மாறிய ஊட்டி' என்று அதற்கு ஒரு தலைப்பு வரும். கார் கூரையில் படிந்த பனியில் பெயர் எழுதி விளையாடுவார்கள். விளையாடட்டும், தப்பில்லை. ஆனால் அந்தப் புல்வெளிக்கு அடுத்த வயலில் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒருவர் டார்ச் அடித்துக்கொண்டு, உறைந்துபோன ஹோஸ் பைப்பைக் காலால் மிதித்து உதறிக்கொண்டிருப்பார். அவரை யாரும் படம் எடுப்பதில்லை.

சரி, திடீரென்று இந்த விஷயம் ஏன் என்று கேட்பீர்கள். குளிர் ஒரு நிர்வாகத்தை எப்படிச் சாய்க்கும் என்பதற்கு உலகத்தில் நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. அது நடந்தது அமெரிக்காவில். அதிலும் குளிருக்குப் பேர் போன ஊரில் நடக்கவில்லை, வெயிலுக்குப் பேர் போன டெக்சாஸில் நடந்தது.

2021 பிப்ரவரி நடுவில் வட துருவத்துக் காற்று அந்தக் கண்டத்தின் குறுக்கே இறங்கி மெக்சிகோ வளைகுடா வரைக்கும் போனது. டல்லாஸில் வெப்பநிலை மைனஸ் 19 டிகிரி செல்சியஸைத் தொட்டது. எரிவாயுக் கிணறுகளும் குழாய்களும் உறைந்தன, எரிவாயு கிடைக்காமல் மின்நிலையங்கள் நின்றன. மின்சாரத்தை வெட்டியபோது எரிவாயுவை அழுத்தித் தள்ளுகிற நிலையங்களுக்குப் போகிற லைனும் சேர்ந்து வெட்டுப்பட்டது. அதனால் எரிவாயு இன்னும் குறைந்தது, இன்னும் மின்நிலையங்கள் நின்றன. டெக்சாஸின் மின்கட்டமைப்பு பக்கத்து மாநிலங்களோடு பெரிதாக இணையாத தனிக் கட்டமைப்பு. வெளியிலிருந்து வேண்டிய அளவு வாங்கவும் வழியில்லை. மொத்தக் கட்டமைப்பும் விழுவதற்கு 4 நிமிடம் 37 வினாடிதான் பாக்கி இருந்தது என்று அதை நடத்துகிறவர்களே பிற்பாடு சொன்னார்கள். 45 லட்சம் வீடுகளுக்கும் கடைகளுக்கும் மின்சாரம் இல்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடிநீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி அறிவிப்பு.

என் அண்ணன் மகள் அப்போது டல்லாஸில் இருந்தாள். வெளியே கிடந்த பனியைப் பக்கெட்டில் அள்ளி வந்து உருக்கித்தான் கழிவறைக்கு ஊற்றினார்களாம். போனுக்கு சார்ஜ் போட கார் ஷெட்டுக்குள் நின்ற காரில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுப் பெரியவர் ஓடி வந்து, "ஷட்டரைத் திறக்காமல் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று கத்தினாராம். அவர் கத்தியதற்குக் காரணம் இருந்தது, அதைக் கீழே சொல்கிறேன்.

அந்த மாநிலச் சுகாதாரத் துறை கணக்கெடுத்த சாவு 246. அதைப் பிரித்தும் எழுதி வைத்திருக்கிறார்கள். குளிர் நேரடியாகத் தாக்கி 161 பேர். ஏற்கெனவே இருந்த நோய் முற்றி 25 பேர். சாலை விபத்தில் 22 பேர். கார்பன் மோனாக்சைடு வாயுவில் 19 பேர். தீ விபத்தில் 10 பேர், வழுக்கி விழுந்து 9 பேர். இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். சாலையில் போனவர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும், பெரும்பாலும் வீட்டுச் சுவருக்குள்ளேயே போன உயிர்கள்.

இதில் எனக்குக் கோபம் வரவழைப்பது ஒன்று உண்டு. இதற்குப் பத்து வருஷம் முன்னால், 2011 பிப்ரவரியில், இதே டெக்சாஸில் இதே மாதிரி குளிர் வந்து மின்சாரம் போனது. மத்திய அமைப்புகள் விசாரித்து அறிக்கை கொடுத்தன. மின்நிலையங்களையும் எரிவாயுக் கருவிகளையும் குளிருக்குத் தாங்கும்படி மாற்றுங்கள் என்று அதில் தெளிவாக இருந்தது. 1989 குளிருக்குப் பிறகும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் கட்டாயம் ஆக்கவில்லை, விருப்பப்பட்டவர் செய்யலாம் என்று விட்டுவிட்டார்கள். 246 பேர் போன பிறகு 2021-இல்தான் சட்டம் வந்தது.

நம் மலைக்கும் டெக்சாஸுக்கும் என்ன ஒப்பீடு என்று உங்களில் ஒருவராவது இப்போது சிரித்திருப்பார். நியாயம்தான். அங்கே ஆர்க்டிக்கிலிருந்து வளைகுடா வரைக்கும் கிழக்கு மேற்காகத் தடுக்கிற ஒரு மலைத்தொடர் கிடையாது, ராக்கி மலை வடக்கு தெற்காக ஓடுகிறது. அதனால் துருவக் காற்று நேரே இறங்கிவிடும். 2022 டிசம்பரில் வந்த இன்னொரு புயலில், வயோமிங் மாநிலத்து ஷயென் நகரில் அரை மணி நேரத்தில் சுமார் 22 டிகிரி செல்சியஸ் இறங்கியது. நமக்கு வடக்கே இமயமலை நிற்கிறது. சைபீரியக் குளிர் ஊட்டிக்கு வராது.

நம் பனி வெளியூர்ச் சரக்கு இல்லை, இங்கேயே உற்பத்தியாகிறது. மழை விலகி, வானம் துடைத்து விட்டாற்போல ஆகி, காற்றும் நின்றுவிட்டால் நிலம் பகலில் வாங்கின சூட்டை ராத்திரி முழுவதும் மேலே விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கிற தேயிலை தப்பிக்கும், ஐம்பது அடி கீழே இருக்கிற கேரட் கருகும். தலைக்குந்தா, சாண்டிநல்லா, அவலாஞ்சி, எமரால்டு அணையோரம், கோரகுந்தா என்று எங்கே விழும் என்பது ஊருக்கு ஊர் பெரியவர்களுக்கு அத்துப்படி. புயலுக்கு மேப் போட்டு எச்சரிக்கிறார்கள், இதற்கு மேப்கூட வேண்டாம். சாயங்காலம் வானத்தைப் பார்த்தால் போதும், காலையில் விழுமா விழாதா என்று எங்கள் வீட்டுப் பாட்டி சொல்லிவிடுவார்.

இங்கேதான் சிக்கல். நீங்கள் நம்புவது பாட்டியை இல்லை, தெர்மாமீட்டரை. அது தரையிலிருந்து நாலடி உயரத்தில், ஓட்டை வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. உலகம் முழுவதும் அப்படித்தான் வைப்பார்கள், அதில் தவறில்லை. ஆனால் காற்றில்லாத தெளிந்த ராத்திரியில் பெட்டி 2 டிகிரி, 3 டிகிரி காட்டும்போதே அதன் காலடியில் புல் பூஜ்ஜியத்துக்குக் கீழே போயிருக்கும். வானிலைத் துறையின் கணக்குப்படி மலைப்பகுதியில் 'குளிர் அலை' என்று பேசவே பெட்டிக்குள் பூஜ்ஜியமோ அதற்குக் கீழோ வர வேண்டும், வழக்கமான அளவிலிருந்து நாலரை டிகிரியாவது குறைய வேண்டும். ஆக, ஏட்டில் குளிர் அலை கிடையாது, வயலில் செடி கிடையாது.

இது வெறும் கணக்குச் சண்டை இல்லை. மத்திய அரசு பேரிடர் நிவாரண நிதிக்கு ஏற்றுக்கொண்ட 12 இயற்கைச் சீற்றங்களில், புயல், வெள்ளம், மண்சரிவு வரிசையில், உறைபனியும் குளிர் அலையும் ஒன்றாகச் சேர்ந்து இடம்பெற்றிருக்கின்றன. 33 சதவீதத்துக்கு மேல் பயிர் போனால் ஹெக்டேருக்கு மானாவாரிக்கு 8,500 ரூபாய், பாசனப் பயிருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய் என்று 2022-23 முதல் 2025-26 வரைக்கான விதிமுறை சொல்கிறது. வெயிலைத் தமிழக அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது, நல்ல காரியம். குளிருக்கு அப்படிப் புதிதாக ஒன்றும் அறிவிக்கத் தேவையில்லை. ஏற்கெனவே பட்டியலில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதான்.

பயன்படுத்துவதற்கு அத்தாட்சி வேண்டும். உறைபனி விழுந்த அன்று காலை எட்டு மணிக்கு வந்தால் செடி பச்சையாகத்தான் தெரியும். வெயில் ஏறினால் இலை வெந்நீர் ஊற்றியதுபோலத் துவளும். தேயிலையில் கொழுந்து முதலில் செம்பட்டையாகி, இரண்டு மூன்று நாளில் கருகி, கையில் தேய்த்தால் பொடியும். பொறுப்பில் இருப்பவர்கள் வந்து பார்ப்பதற்குள் சில பேர் கருகிய கிளைகளைக் கவாத்து வெட்டியே முடித்திருப்பார்கள், வேறு வழியும் இல்லை. அப்புறம் எது பனியில் போனது, எது நோயில் போனது என்று யார் சொல்வது? அதனால் என் முதல் வேண்டுகோள், பனி தேங்கும் பள்ளங்களில் புல் மட்டத்தில் ஒரு தெர்மாமீட்டர். பெரிய செலவு பிடிக்கிற சாதனம் இல்லை. அதன் காலை அளவை கிராம நிர்வாக அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போன மூன்றாம் நாள் தோட்டக்கலைத் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து வயலுக்கு வரட்டும். அதற்கு மேல் தள்ளிப் போனால் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது.

இதையொட்டியே இன்னொன்று. வெயில் படுமுன் பனியைத் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டால் பாதிச் செடியாவது பிழைக்கும். அதற்கு விடியற்காலையில் மோட்டார் ஓட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் அந்த நேரத்தில் லைன் போனால் இந்தப் பள்ளத்து ஊர்களை முதலில் பாருங்கள் என்று மின்வாரியத்திடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பயிர் போனால் மறுபடி வைக்கலாம். இனிமேல் சொல்லப்போவதுதான் நான் இந்த மடலை எழுத முக்கியக் காரணம்.

டெக்சாஸ் கணக்கில் கார்பன் மோனாக்சைடில் 19 பேர் என்று பார்த்தோமே, மூடிய ஷெட்டுக்குள் கார் எஞ்சின் கக்குகிற அந்த வாயுவுக்குப் பயந்துதான் டல்லாஸ் பெரியவர் கத்தினார். அந்தச் சாவு நம் மலையிலும் நடக்கிறது. ஊட்டியிலும் சரி, கொடைக்கானலிலும் சரி, குளிர் தாங்காமல் அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு கதவு ஜன்னலைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி வந்திருக்கிறது. சில நேரம் சுற்றுலா வந்த பையன்கள், ராத்திரி கறி சுட்ட அடுப்பை மிச்ச நெருப்போடு உள்ளே இழுத்துக்கொண்டவர்கள். சில நேரம் வட மாநிலத்திலிருந்து தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்து, முதல் குளிர்காலத்தைத் தகர ஷெட்டில் கழிக்கிறவர்கள்.

ஏமாற்றுவது அந்தக் கரிதான். விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து கதவைத் திறப்போம். நன்றாகத் தணல் பிடித்த கரி புகையாது. புகை அடங்கிவிட்டது, இனி ஒன்றும் ஆகாது என்று அப்போதுதான் அதை உள்ளே கொண்டுவருகிறோம். அந்த நேரத்திலும் அது கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். நிறமும் வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் வலுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலை லேசாக வலிக்கும், தூக்கம் வரும். களைப்பு என்று நினைத்துப் படுத்தால் முடிந்தது. உள்ளூர்க்காரர்களுக்கு இது தெரியும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊரிலேயே நெருப்புச் சட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதைத் தடுக்க உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. பாஸ் எடுக்கிறவரின் போன் நம்பர் உங்களிடம் வந்துவிடுகிறது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாஸோடு சேர்த்து இரண்டு வரி அனுப்புங்கள்: 'அறைக்குள்ளும் டென்ட்டுக்குள்ளும் கரி அடுப்பு வைக்காதீர்கள். உயிர் போகும்.' தமிழில், கன்னடத்தில், மலையாளத்தில், இந்தியில். காட்டேஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு கண்டிப்பு வேண்டும். அடுப்பை வாடகைக்குக் கொடுத்தால் அதை இரவில் திரும்ப எடுத்துச் செல்வதும் அவர்கள் பொறுப்பு, கூடவே ஒரு கம்பளி கூடுதலாகக் கொடுப்பதும். ஆயிரக்கணக்கில் வாடகை வாங்குகிறவர்களுக்கு ஒரு கம்பளி பாரமாகாது.

தொழிலாளர் ஷெட்டுகளுக்கு மெசேஜ் போதாது. அங்கே ஆள் போக வேண்டும், இந்தி தெரிந்த ஆளாக இருந்தால் நல்லது.

தனியாக இருக்கிற முதியவர்கள் விஷயம் வேறு. மகன் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருப்பான், அம்மா மட்டும் எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். டெக்சாஸ் வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை, குளிரில் கைவிட்டுவிட்டன. நம் ஊர் கான்கிரீட் தொகுப்பு வீடும் லைன் வீட்டுத் தகரமும் குளிருக்காகக் கட்டியவை அல்ல. குளிரைத் தெரிந்து கட்டிய வீட்டைப் பார்க்க வேண்டுமானால் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்துக்குப் போய் அந்தக் குனிந்து நுழைகிற சின்ன வாசலைப் பார்க்க வேண்டும். அது போகட்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாகப் போகிற பெண்களிடம் யாருக்கு பிரஷர், யாருக்கு மூச்சிரைப்பு, யார் படுத்த படுக்கை என்ற பட்டியல் இருக்கிறது. பனி விழும் என்று தெரிந்த வாரத்தில் அந்தப் பட்டியலில் உள்ள வீடுகளுக்கு மட்டும் ஒரு தடவை கூடுதலாகப் போய் வரச் சொல்லுங்கள், அதற்குரிய படியும் கொடுங்கள். சும்மா போகச் சொல்லாதீர்கள்.

ஷயெனில் ஒரே மூச்சில் குளிரிறக்கிய அதே 2022 புயல்தான் நியூயார்க் மாநிலத்து பஃபலோ நகரத்தையும் தாக்கியது. அங்கே ஒரே வட்டாரத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சிலர் வழியில் சிக்கிய காரிலேயே, சிலர் ஆம்புலன்ஸ் வர முடியாத வீட்டில். வண்டி ஓட்டத் தடை போட்ட உத்தரவு, வேலைக்குப் போகிற ஆட்கள் கிளம்பிய பிறகு காலையில் வந்தது என்று நிர்வாகத்தின் மேல் அங்கே பலத்த விமர்சனம். வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யத்தில் கரை கடந்த கஜா, சமவெளியைத் தாண்டிக் கொடைக்கானல் மலை வரை ஏறி மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. குன்னூர் வழியிலோ கோத்தகிரி வழியிலோ ஒரு கற்பூர மரம் விழுந்தாலே எங்கள் பக்கம் பாதி நாள் போய்விடும். பிப்ரவரிக் குளிரில் ராத்திரி அது விழுந்தால், ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கிற நோயாளிக்குக் கரண்ட்டும் இல்லை, வண்டியும் இல்லை. ஆகவே ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஜெனரேட்டரும் டீசலும் மழைக்கு மட்டும் நிரப்பி வைக்காமல் பிப்ரவரி முடிகிற வரை இருக்கட்டும்.

நான் கேட்டதில் பெரிய நிதி கேட்கிற விஷயம் ஒன்றும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். தெர்மாமீட்டர், மெசேஜ், கம்பளி, கொஞ்சம் டீசல், ஒரு கூடுதல் படி. மழைக்குப் போட்ட மண்டலக் குழுக்களே பனிக்கும் போதும், புதிதாகக் குழு வேண்டாம். தேதியை மட்டும் நீட்டி எழுதினால் வேலை முடிந்தது.

கார்த்திகையில் மழை ஒரு வாரம் விட்டு வானம் தெளிந்தால் முதல் பனி விழுந்துவிடும், அதற்குள் இது நடந்தால் நல்லது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளத்தில் முதலில் விழும், எது கடைசி வரை விழும் என்று பெரியவர்களைக் கேட்டு ஒரு பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு அதை எடுத்து வருகிறேன். எந்த அதிகாரியிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
இத்தலார் பகுதித் தேயிலை, காய்கறி விவசாயி ஒருவன்